டைட்டருக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளன்

அனைவருக்கும் வணக்கம்.

அரிய தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் தங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள ஒரு கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பக்கம்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஏழரைப் பக்கம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஏ.என்.ஏ. சோதனையில் (உயிரணுவின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) 1:80, 1:320 என்று போடுவார்களே, அந்த 'டைட்டர்'. 'செறிவு' என்று எழுதினேன். செறிவு வேறு, இது வேறு என்று சரிபார்த்த மருத்துவர் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். பாடநூல்களில் துழாவினால், அதே வேரில் பிறந்த டைட்ரேஷனுக்கு (கரைசலின் வலுவை அளக்கும் முறை) 'தரம் பார்த்தல்' கிடைக்கிறது. "உங்கள் இரத்தத்தின் தரம் 1:640" என்று ஒரு நோயாளியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதவுங்கள்.

அனுப்பியவர்: ஆய்வகத்தான்

பொருள் தெரியாமல் சொல் கட்டினால் பிறகு அவிழ்க்க வேண்டிவரும், அதனால் முதலில் செய்முறை. இரத்தம் உறைந்தபின் பிரியும் சீரத்தை எடுத்து 40-இல் ஒரு பங்காக நீர்க்கச் செய்வோம். அதில் பாதி வலுவில் 80, பிறகு 160, 320, 640 என்று இரட்டித்துக்கொண்டே போவோம். ஒவ்வொன்றையும் ஹெப்-2 என்ற, ஆய்வகத்தில் வளர்த்த மனித உயிரணுக்கள் ஒட்டிய கண்ணாடிச் சில்லில் விடுவோம். நோயாளியின் எதிர்ப்பொருள் உயிரணுவின் கருவில் போய் ஒட்டியிருந்தால், மேலே விடும் ஒளிர்சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் பச்சையாகத் தெரியும். எவ்வளவு நீர்த்தும் கடைசியாக எதில் பச்சை தெரிகிறதோ, அந்த எண்தான் டைட்டர். எடை போட்டுச் சொல்கிற எண் இல்லை, தேய்த்துக்கொண்டே போய் நின்ற இடம். மருத்துவர் வட்டம் போட்டது சரிதான்.

'நீர்ப்பெண்' என்று வைக்கலாமா? நீர்ப்பு + எண்.

அனுப்பியவர்: புலவர்

> 'நீர்ப்பெண்' என்று வைக்கலாமா?

வைக்கலாம் ஐயா. படிப்பவர் ஏதோ ஓர் அணங்கு என்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

வேரிலிருந்து வருவோம். 'டைட்டர்' பிரெஞ்சு வழி வந்தது. அங்கே அது பொன், வெள்ளி ஆகியவற்றின் தூய்மை அளவைக் குறித்த சொல். வெள்ளியின் தூய்மையைக் கரைசல் கொண்டு அளக்கும் முறையைக் கண்ட பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் வழியாகத்தான் வேதியியலில் அது வேரூன்றியது. பொன்னின் தூய்மைக்கு நம்மிடம் சொல் இல்லையா? 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்று தினமும் சொல்கிறோமே! உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் தேய்த்துப் பார்ப்பதுதான், ஆய்வகத்து ஐயாவும் 'தேய்த்து' என்றே எழுதியிருக்கிறார், கவனிக்க. ஆகவே 'மாற்று', அல்லது 'மாற்றெண்'. தம்பி, இனித் தேடவேண்டாம்.

அனுப்பியவர்: ஸ்கிளீரோடெர்மாவோடு வாழ்பவள்

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். என் அறிக்கையில் "மாற்றெண் 640" என்று இருந்தால், முதல் எண் எடுக்காதபோது கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் என்று நினைத்துக்கொள்வேன். மருத்துவமனைக்குள் 'மாற்று' என்றால் சிறுநீரக மாற்று, மாற்று மருத்துவம். ஏற்கெனவே கூட்டமாக இருக்கிறது.

எனக்கு இருப்பது ஸ்கிளீரோடெர்மா, தோலையும் நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளையும் இறுக்கும் தன்னுடல் தாக்கு நோய். இந்த எண் என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன். முதல் அறிக்கையில் சென்ட்ரோமியர் வகை (கருவுக்குள் எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தின் பெயர்), 1:1280. அடுத்த ஆண்டு வேறோர் ஆய்வகத்தில் 1:640. நோய் பாதியாகிவிட்டது என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: ஒரு படி ஏறுவதும் இறங்குவதும் சோதனையின் இயல்பு, ஏ.என்.ஏ. எண்ணை வைத்து நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதில்லை, நுரையீரல் சோதனையைப் பார்ப்போம் வாருங்கள் என்றார். என் அம்மாவோ நேர் எதிர். 640-இல் ஒன்றுதானே, 80-இல் ஒன்றைவிடக் குறைவுதானே என்று இன்றைக்கும் ஆறுதல் சொல்கிறார்.

எனக்குச் சொல்லின் வேர் எதற்கு? கேட்டதும் என் அம்மாவுக்குப் படம் தெரியவேண்டும். வெந்நீரில் தண்ணீர் விட்டுச் சூட்டைத் தணிப்பதை விளாவுவது என்போம். எவ்வளவு விளாவியும் சூடு ஆறவில்லை என்றால் ஆரம்பத்தில் எவ்வளவு கொதித்திருக்க வேண்டும்? எண் கூடக்கூட வலு அதிகம் என்பது தானாகப் புரிந்துவிடுகிறது. 'விளாவெண்' வையுங்கள்.

அனுப்பியவர்: வேதியியல் ஆசிரியை

இலங்கைப் பாடநூல்களில் டைட்ரேஷன் 'நியமிப்பு', நீர்க்கச் செய்வது 'ஐதாக்கல்'. நீர்த்தல் என்றால் எங்கள் பிள்ளைகள் திகைப்பார்கள், ஐதாக்கல் என்றால் உங்கள் பிள்ளைகள் திகைப்பார்கள். அக்காவின் விளாவல் இரண்டு பக்கமும் ஓடும். ஆனால் அறிக்கையில் எழுத அது கொஞ்சம் குளியலறைச் சொல்லாக இல்லையா?

அனுப்பியவர்: புலவர்

குளியலறையில் பிறந்த சொல்லுக்கு ஆய்வகத்தில் இடம் இல்லையென்று எந்த நூற்பா சொல்கிறது? என் குறை வேறு. விளாவுதலில் சூடும் குளிர்ச்சியும் கலக்கின்றன, இங்கே சூடு ஏது? 'ஐது' அருமையான சொல். மென்மை, நுண்மை எல்லாம் அதில் உண்டு. தொல்காப்பியர் உரியியலில் "ஐ வியப்பாகும்" என்கிறார். அந்த ஐயும் இந்த ஐயும் ஒன்றா என்பதைத் தனி மடலில் விரிவாக...

அதற்கு முன் இன்னொரு பிழை. கையேட்டு வரைவில், தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருளுக்குத் 'தன்பிறபொருளெதிரி' என்று கண்டேன். பிறபொருளை எதிர்ப்பது பிறபொருளெதிரி, சரி. தன்னையே எதிர்க்கும்போது அங்கே 'பிற' எப்படி வந்தது? தன்னும் பிறவும் ஒரே சொல்லில் குடித்தனம் நடத்துகின்றன! வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்: உட்பகை. 'உட்பகைமி' என்க. "எட்பகவு அன்ன சிறுமைத்தே ஆயினும்" கேடு செய்யும் என்கிறாரே, எள்ளின் பிளவு அளவு! டைட்டருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

அனுப்பியவர்: ஆய்வகத்தான்

'தன்' குறித்த முரண்பாடு உண்மை. 'தன்னெதிர்ப்பொருள்' போதும், சண்டை தீர்ந்தது.

ஆனால் ஐயா, அந்தக் குறளைக் கையேட்டில் போட்டால் பாதிப்பேர் பயத்திலேயே படுத்துவிடுவார்கள். நலமாக இருப்பவர்களிடம் பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 1:40-இல் 31.7 விழுக்காட்டினருக்கு ஏ.என்.ஏ. இருந்தது. 1:80-இல் 13.3, 1:160-இல் 5, 1:320-இலும் 3.3. எள்ளளவு உட்பகை மூன்றில் ஒருவரிடம் இருக்கிறது, அவர்கள் பாட்டுக்கு நன்றாக இருக்கிறார்கள். லூபஸ் என்ற இன்னொரு தன்னுடல் தாக்கு நோய்க்கான வகைப்பாட்டு விதிகள் 2019-இல் 1:80-ஐ நுழைவாயிலாக வைத்தன. நுழைவாயில்தான், தீர்ப்பு இல்லை.

அக்கா சொன்னதில் ஒரு சொல்லை யாரும் கவனிக்கவில்லை: 'ஒரு படி ஏறுவதும் இறங்குவதும்'. அது படிக்கட்டுத்தான். 640-க்கும் 1280-க்கும் இடையே எங்களுக்கு எண்ணே கிடையாது. 'நீர்ப்புப்படி' என்றால்?

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளன்

நீர்ப்புப்படி எனக்குச் சரியாகப் படுகிறது. 640 என்றால் ஐந்தாம் படி என்று படம் போட்டுக் காட்டவும் முடியும்.

இன்னொன்றையும் இப்போதே கேட்டுவிடுகிறேன். 'பாசிட்டிவ்' என்பதை 'நேர்மறை' என்று எழுதியிருக்கிறேன்.

அனுப்பியவர்: ஸ்கிளீரோடெர்மாவோடு வாழ்பவள்

வேண்டாம் தம்பி. நேர்மறை என்றால் நல்ல சேதி மாதிரி இருக்கிறது. 'உண்டு', 'இல்லை' என்று எழுதுங்கள்.

அனுப்பியவர்: புலவர்

உண்டு, இல்லை. இதில் எனக்கு மறுப்பே இல்லை. (பதிவுசெய்துகொள்க.)

ஆனால் 'படி' அளக்கும் படியாகும், நகலாகும், 'அறிக்கையின்படி' என்று இடைச்சொல்லுமாகும். "நீர்ப்புப்படி 640" என்பதை 'நீர்ப்பின்படி' என்று படிப்பவனை என்ன செய்வீர்கள்?

அனுப்பியவர்: வேதியியல் ஆசிரியை

அவரை விட்டுவிடுவோம் ஐயா. நீர்ப்புப்படிக்கு என் வாக்கு. வகுப்பில் மட்டும் 'ஐதாக்கற்படி' என்றுதான் சொல்வேன்.

அனுப்பியவர்: ஸ்கிளீரோடெர்மாவோடு வாழ்பவள்

எனக்கு விளாவெண்தான். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், மனம் மாறவில்லை. அம்மாவிடம் நீர்ப்புப்படி என்று சொல்லிப் பார்த்தேன், "இரத்தம் நீர்த்துப் போச்சா?" என்று பதறினார். விளாவிக் காட்டியதும் புரிந்தது. "அப்ப அது நிறையாவா இருக்கு?" என்றார். இத்தனை நாள் இருந்த ஆறுதலும் போயிற்று.

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளன்

வியாழன் இரவு. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அறிக்கைகளில் 'டைட்டர்' என்றுதான் அச்சாகி வரும் என்பதால் தலைப்பில் அதையே வைத்து, அடியில் 'நீர்ப்புப்படி' போட்டிருக்கிறேன். விளக்கப் பத்தியில் அக்காவின் வெந்நீர் வருகிறது, 'விளாவி' என்ற சொல்லோடு. உட்பகை வரவில்லை, ஐயா பொறுத்தருள்க.

அனுப்பியவர்: புலவர்

பொறுத்தோம். மெய்ப்பு பார்த்தேன்: ஆறாம் பக்கத்தில் 'நீர்ப்பு படி' என்று ஒற்று இல்லாமல் பிரிந்து கிடக்கிறது. 'மாற்று' என்று வைத்திருந்தால் பிரிக்கவே முடிந்திருக்காது.