பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்புக் கோட்டுக்கு ஒரு கணக்கு வேண்டும்

நண்பர்களே, கூலி ஏற ஏற வேலை நேரம் முதலில் கூடி, ஒரு கட்டத்துக்குப் பிறகு குறைவதைக் காட்டுவதுதான் பின்னோக்கி வளையும் உழைப்பு அளிப்புக் கோடு. அதை வகுப்பில் போட்டுக்காட்ட ஒரு பயன்பாட்டுச் சார்பு (நுகர்வும் ஓய்வும் தரும் மனநிறைவை அளக்கும் சூத்திரம்) தேவை. இப்போது கையிலிருப்பது நுகர்வு × ஓய்வு. மொத்தம் 16 மணி நேரம், உழைக்காமல் வரும் வருமானம் 160. மணிக்கூலி 20 என்றால் ஓய்வு 12, வேலை 4. கூலி 40 ஆனால் ஓய்வு 10, வேலை 6. இதில் பதிலீட்டு விளைவு (ஒரு மணி ஓய்வுக்காக இழக்கும் கூலி ஏறியதால் ஓய்வைக் குறைப்பது) ஓய்வை 8.49-க்கு இறக்குகிறது, வருமான விளைவு (வசதி கூடியதால் ஓய்வைக் கூட்டுவது) 10-க்கு ஏற்றுகிறது.

மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். பண்டத்தின் விலை ஏறினால் வாங்குபவர் கை சுருங்கும். ஓய்வின் விலையான கூலி ஏறினாலோ கை நிறையும், அவர் விற்பதே தன் நேரத்தைத்தானே!

ஆனால் இந்தச் சார்பில் கூலி எவ்வளவு ஏறினாலும் வேலை 8 மணியை நெருங்குமே தவிர, திரும்பிக் குறையாது. முதலில் ஏறி, பிறகு வளையும் சார்பு, முழு எண் விடைகளோடு, யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.