தம்பிக்கு முதுகெலும்பில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசிக்காக ரப்பர் விளையை விற்கலாமா?

திருவட்டாறு_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 27 வயது. தை மாதம் நல்லமிளகு பறிக்க அயனி மரத்தில் ஏணி சாய்த்து ஏறியவன், ஏணி சரிந்து மல்லாக்க விழுந்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்துத்தான் கொண்டுபோனார்கள், அப்போது யாருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. முதுகெலும்பில் டி12 என்கிற எலும்பு நொறுங்கியிருக்கிறது என்று அன்றிரவே சொல்லி, இரண்டாம் நாள் கம்பி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நாலு மாதம் ஆகிறது. கால் இரண்டும் அசையவில்லை, தொடுவதும் தெரியவில்லை, சிறுநீர் ட்யூப் வழியாகத்தான் போகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஏசியா ஏ' என்று எழுதியிருக்கிறது.

போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து, ஸ்டெம் செல் ஊசி மூன்று போட்டால் நடப்பான், மொத்தம் ஒன்பது லட்சம் ஆகும் என்றார். வேறு யாரோ நடக்கிற வீடியோவும் காட்டினார். அதைப் பார்த்ததிலிருந்து அம்மா பதினைந்து சென்ட் ரப்பர் விளையை விற்றுவிடலாம் என்கிறாள். எங்களுக்கு வேறு சொத்து கிடையாது. வெளிநாட்டில் ஏதோ கருவி வைத்து முடங்கியவர்களை நடக்க வைத்ததாகவும் செய்தியில் படித்தேன். எது உண்மை, எது எங்களுக்கு ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவெல்லாம் இதுதான் மண்டையில் ஓடுகிறது.

குலசேகரம்_காரன்

அக்கா, மனசு கனக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வர்ம ஆசான் இருக்கிறார், என் அப்பாவுக்குத் தோள்பட்டை தூக்க முடியாமல் இருந்ததை எண்ணெய் போட்டு, கிழி கொடுத்துச் சரி செய்தார். ஒருதடவை காட்டிப் பார்க்கலாம் அல்லவா? செலவும் குறைவுதான்.

மார்த்தாண்டம்_பிசியோ

குலசேகரம் தம்பி, நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், தெரிகிறது. நானும் ஆசான்மார் இருக்கிற ஊரில் பிறந்தவன், சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர்கள் கை என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். ஆனால் தண்டுவடம் அடிபட்ட உடம்பில் சூடான கிழி வைக்கவே கூடாது. சூடு அவனுக்குத் தெரியாது. நாம் சுட்டால் காலை இழுத்துக்கொள்வோம், அவன் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பான், தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். என் கையால் கட்டுப் போட்ட புண்கள் இரண்டு இப்படி வந்தவைதான், ஒன்று ஆற ஏழு மாதம் எடுத்தது. வெந்நீர் பாட்டிலும் வேண்டாம். வெயிலில் காய்ந்த சிமென்ட் திண்ணையில் உட்கார வைப்பதும் வேண்டாம். கம்பி வைத்த முதுகை அமுக்கித் திருப்புவது அதைவிட மோசம்.

அக்கா, 'ஏசியா ஏ' என்றால் ஆசனவாய்ப் பகுதியில்கூட உணர்வோ அசைவோ இல்லை என்று பரிசோதித்து எழுதியது. அடிபட்ட புதிதில் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும், அப்போது எழுதிய எழுத்து பிறகு மாறலாம். எனவே ஒரு மறுவாழ்வு மருத்துவரிடம் இந்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். தானாகத் திரும்புவது எதுவாக இருந்தாலும் அதிகம் திரும்புவது முதல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள்தான். அந்த நாட்களை ஊசிக்காகக் காத்திருந்து போக்கிவிடாதீர்கள். கையும் தோளும் பலமாக வேண்டும், கணுக்கால் இறுகிவிடாமல் தினமும் இரண்டு வேளை மடக்கி நீட்ட வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார்கள், உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஆட்டோவில் உட்கார வைத்ததை நினைத்து யாரையும் குறை சொல்லாதீர்கள். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள். அப்படியே படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை கழுத்தும் முதுகும் திரும்பக் கூடாது.

நாஞ்சில்_நரம்பு

சகோதரி, நான் நரம்பியல் ஆய்வில் இருப்பவன், ஊர் நாகர்கோவில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பால் வெட்டுகிற கத்தி பட்டு விரல் நரம்பு அறுந்தால், தைத்துவிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அது மறுபடி வளரும். தண்டுவடத்துக்குள் அது நடப்பதில்லை. தண்டுவடத்தின் நரம்பு இழைகளுக்கு வளரும் திறமையே கிடையாது என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். 1981-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலியின் கால் நரம்புத் துண்டு ஒன்றைத் தண்டுவடத்தின் பக்கத்தில் பாலம்போல வைத்தார்கள், இழைகள் அதற்குள் சென்டிமீட்டர் கணக்கில் வளர்ந்தன. வளரும் திறமை இருந்திருக்கிறது, சுற்றியிருக்கும் இடம்தான் தடுக்கிறது என்று புரிந்தது. பிறகு சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப் அந்தத் தடைப் புரதங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார், அதற்கு நோகோ என்று பெயர். அதை மறிக்கும் மருந்தை மனிதர்களிடமும் சோதித்துவிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் மொத்தக் குழுவுக்கும் எதிர்பார்த்த பலன் வரவில்லை, கொஞ்சம் இழை மிஞ்சியிருந்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தருகிற அறிகுறிகள் தெரிந்தன. நாற்பது வருட உழைப்பு இந்த இடத்தில்தான் நிற்கிறது. அதனால்தான் மூன்று ஊசியில் நடப்பான் என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

நீங்கள் படித்த கருவி உண்மைதான். சுவிட்சர்லாந்தின் லோசானில் கிரெகுவார் கூர்ட்டீனும் அறுவை நிபுணர் ஜோசலின் பிளாக்கும் செய்தது. தண்டுவடத்தின் மேல் மின்முனைகளை வைத்து, அடிக்குக் கீழே உயிரோடு இருக்கிற நரம்புச் சுற்றுகளைத் தூண்டுகிறார்கள். 2023-ல் வெளியானதில் மூளையின் மேலும் ஒரு கருவி வைத்து, நடக்க நினைப்பதை அங்கே படித்து, முதுகில் இருக்கும் கருவிக்கு வயரில்லாமல் அனுப்பினார்கள். நெதர்லாந்துக்காரர் கெர்ட்-யான் ஓஸ்காம் அப்படித்தான் நடந்தார். 2011-ல் சைக்கிள் விபத்தில் அவருக்குக் கழுத்தில் அடி, ஆனால் கொஞ்சம் இழை மிஞ்சியிருந்தது.

இப்போது சொல்லப் போவது கேட்கக் கஷ்டமாக இருக்கும். இந்த வகைத் தூண்டலுக்குக் கால்களை நடத்தும் இடுப்புத் தண்டுவடம் கெடாமல் இருக்க வேண்டும். தண்டுவடம் முதுகெலும்பைவிடக் குட்டை, பெரியவர்களுக்கு டி12-க்கு அடுத்த எலும்பான எல்1 பக்கத்திலேயே முடிந்துவிடும். கால்களுக்கான பகுதி டி11, டி12 எலும்புகளுக்கு உள்ளேதான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு உடைந்ததும் அதே இடம். மூளையிலிருந்து வரும் வயர் அறுந்து, கீழே மோட்டார் நன்றாக இருப்பவர்களுக்கு இந்தக் கருவி பேசும். அவனுக்கு மோட்டாரிலேயே அடி விழுந்திருக்கலாம், எவ்வளவு என்பதை எம்ஆர்ஐ பார்த்தும் நரம்புப் பரிசோதனை செய்தும்தான் சொல்ல முடியும். தோலின் மேலேயே ஒட்டுகிற கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அது கழுத்தில் அடிபட்டவர்களின் கைகளுக்கானது.

வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்தான் ஸ்டெம் செல், அந்த ஆய்வும் பொய்யில்லை. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் அப்படி உருவாக்கிய செல்களை நாலு பேருக்கு வைத்து, இரண்டு பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக 2025-ல் அறிவித்தது. நாலே பேர், அதுவும் அடிபட்ட 2 முதல் 4 வாரத்துக்குள் வைத்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. இங்கே விற்கிற ஊசி அது இல்லை. பெரும்பாலும் நோயாளியின் இடுப்பெலும்பு மஜ்ஜையையே எடுத்துச் சுழற்றித் திருப்பிப் போடுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலைப் பாருங்கள்: ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே கொடுப்பது நெறிக்குப் புறம்பு. உண்மையான ஆய்வு என்றால் சிடிஆர்ஐ என்ற இந்தியப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழு இருக்கும், சோதிக்கிற மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். வந்தவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

கருங்கல்_சக்கரநாற்காலி

மோளே, நான் 2009-ல் தென்னையிலிருந்து விழுந்தவன். எனக்கு டி10. இப்போது வயது 51. கருங்கல் சந்தைக்கு நானே மூன்று சக்கர வண்டியில் போய் மீனும் மரச்சீனியும் வாங்கி வருகிறேன், பொய்யில்லை.

2012-ல் நானும் ஊசி போட்டேன், இடம் எது என்று இங்கே சொல்லவில்லை. நாலரை லட்சம், அதில் பாதி வட்டிக்கு. முதுகில் ஊசி போட்ட மறுநாள் கால் லேசாகத் துடித்தது, நானும் வீட்டுக்காரியும் கட்டிப்பிடித்து அழுதோம். அது தசை தானாக இழுப்பது, ஊசிக்கு முன்னாலேயே அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தது, ஆசையில் அது எங்களுக்கு மறந்துபோயிற்று. பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஊசிக்குப் பிறகு பலன் வரும், அசையாமல் படு என்றார்கள் என்று ஆறு வாரம் படுத்தேன், இடுப்புக்குக் கீழே ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது. எலும்பு தெரிந்தது. ஒரு வருடம் குப்புறப் படுத்தே கிடந்தேன்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சில மாதங்களிலேயே இறந்துபோனார்கள் என்று எனக்கு ஆய்க்குடி மறுவாழ்வு மையத்தில் சொன்னார்கள். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில்லில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் வந்து, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாராம். புது மருந்து எதுவும் இல்லை, திருப்பியே ஆட்களைப் பிழைக்க வைத்திருக்கிறார். இதைக் கேட்டபோது என் புண்ணை நினைத்து அழுதேன்.

சிறுநீருக்கு நிரந்தர ட்யூப் எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? டாக்டரிடம் கேட்டு, நேரத்துக்கு நேரம் அவனே ட்யூப் விட்டு எடுக்கிற முறைக்கு மாறப் பாருங்கள். நான் நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை எடுக்கிறேன், ஒருதடவைக்கு 500 மில்லிக்கு மேல் சேரவிட மாட்டேன். கிட்னியைக் காப்பாற்றுவது இதுதான். ஆரம்பத்தில் வெட்கமாக இருக்கும், கல்யாண வீட்டுக்குப் போனால் எங்கே ஒதுங்குவது என்று பயமாக இருக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, 1981-ல் ராமகிருஷ்ணன் ஐயா தொடங்கியது. கல்லூரியில் படிக்கும்போது கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே முடங்கிப்போனவர், அந்த நிலையிலேயே அதை நடத்தி 2020-ல் பத்மஸ்ரீ வாங்கினார். வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய மேரி வர்கீஸ் அம்மாவும் 1954-ல் வண்டி விபத்தில் கால் இரண்டும் முடங்கி, சக்கர நாற்காலியில் இருந்தே ஆபரேஷன் செய்த டாக்டர். இந்த இரண்டில் ஒரு இடத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள். அங்கே தன்னைப்போலவே பத்துப் பேர் நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தாவுவதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அதைப் பார்த்த அன்றுதான் சாப்பாடு இறங்கியது.

விளையை விற்காதே மோளே. அவன் நாற்காலியில் இருந்தே ரப்பர் பால் கணக்கு எழுதலாம்.

திருவட்டாறு_அக்கா

அண்ணா, உங்கள் பதிலை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். புண் பற்றி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள், அப்புறம் அவளே தொடர்ந்து படி என்றாள். ஊசிக்காரருக்குப் போன் செய்து சிடிஆர்ஐ எண் கேட்டேன், அதெல்லாம் பிறகு தருகிறோம், முதலில் அட்வான்ஸ் போடுங்கள் என்றார். வைத்துவிட்டேன். ஆய்க்குடிக்கு அடுத்த திங்கள் போகிறோம்.

இன்னொன்று. இன்று காலை அவன் கால்களைத் துடைக்கும்போது வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பாக இருந்தது. தோல் கிழியவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. அது ஆபத்தா?

மார்த்தாண்டம்_பிசியோ

ஆமாம், அழுத்தினால் வெளுக்காத சிவப்புதான் புண்ணின் முதல் படி, நல்ல நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள். தடவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கெண்டைக்காலுக்குக் கீழே நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள், இரவிலும் அப்படித்தான். நாளைக் காலை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நிறம் கறுத்தாலோ தோல் உரிந்தாலோ திங்கள் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

கருங்கல்_சக்கரநாற்காலி

கைப்பிடி வைத்த கண்ணாடி ஒன்று வாங்கி அவன் கையில் கொடு. குதிகாலையும் பின்பக்கத்தையும் காலை, இரவு அவனே பார்க்கட்டும்.