அரிக்கா பாமுக்குக் கரிசல் மண் ஆகாதா? தொட்டிக் கலவை சொல்லுங்கள்

பெருமாள்புரம் மாடிவீடு:

வணக்கம். முதல் மாடியில் வாடகை வீடு. முன்னறை ஜன்னலுக்கு நாலடி தள்ளி ஓர் அரிக்கா பாம் வைத்திருக்கிறேன், வீட்டுக்குள் அழகுக்கு வளர்க்கிற பனை இனச் செடி. இது இரண்டாவது செடி. முதல் செடி போன ஐப்பசியில் போய்விட்டது. "பனையும் தென்னையும் ஊரெல்லாம் நிக்கும்போது இதை எதுக்குட்டி வீட்டுக்குள்ள வச்சு சீராட்டுதே" என்று ஆச்சி தினமும் கேட்கிறாள்.

சித்தப்பாவுக்குக் கயத்தாறு பக்கம் காடு இருக்கிறது. பருத்தியும் உளுந்தும் வருகிற மண்ணில் இது வராதா என்று ஒரு சாக்குக் கரிசலை இறக்கிவிட்டுப் போனார். காய்ந்த சாணத்தை அதோடு கலந்து, தொட்டி அடியில் இரண்டு இன்ச் ஜல்லி பரப்பி நட்டேன். தண்ணீர் ஊற்றினால் கால் மணி நேரம் மேலேயே குளம் கட்டி நிற்கிறது. பத்து நாள் ஊற்றாமல் விட்டால் மண் இறுகி, தொட்டி ஓரத்தை விட்டு விரல் நுழைகிற அளவு விலகிவிடுகிறது. அப்போது ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே தட்டுக்கு வந்துவிடுகிறது. கீழ் மட்டைகள் மஞ்சளாகிவிட்டன, மற்றவற்றில் நுனி கருகுகிறது.

கடையில் விற்கிற ரெடி கலவை வாங்கலாமா, நானே கலக்கலாமா? கலப்பதென்றால் எதை எவ்வளவு?

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

நான் நர்சரிக்காரன் இல்லை தங்கச்சி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக்குள் பதினோரு தொட்டி இருக்கிறது, அதில் ஆறு பாம். இந்த ஆறு நிற்பதற்குள் எத்தனையைக் கொன்றேன் என்று கேட்காதீர்கள்.

சித்தப்பா மண்ணைக் குறை சொல்ல மாட்டேன். காட்டில் அது தங்கம்தான். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கிறது அதன் குணம். காட்டில் வெடிப்பு ஆழமாக இறங்கும், அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். தொட்டிக்குள் அதற்கு இடம் ஏது? உப்பும்போது வேருக்குக் காற்றில்லை, சுருங்கும்போது வேர் அறுந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றினாலும் கெடுதல், விட்டாலும் கெடுதல்.

முதலில் செடியைத் தொட்டியோடு சாய்த்துப் பைய வெளியே எடுத்து மோந்து பாருங்கள். சாக்கடை வாடை வந்தால் வேர் அழுகியிருக்கிறது. ஒரு வேரை இரண்டு விரலில் பிடித்து இழுங்கள். நல்ல வேர் விறைப்பாக இருக்கும். அழுகினது மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் வெட்டிவிடுங்கள்.

அடுத்து அந்த ஜல்லி. எல்லாரும் செய்கிற தப்பு, நானும் பல வருசம் செய்தேன். அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்றுதானே நினைப்போம்? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கிப் படுக்கவாக்கில் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள், இன்னும் கொஞ்சம் சொட்டும். பிழியவே இல்லை, உயரம்தான் கூடியது. தொட்டியும் இப்படித்தான். எந்தக் கலவை போட்டாலும் அடியில் கொஞ்ச உயரத்துக்கு ஈரம் வடியாமல் தங்கும். ஜல்லி போட்டால் அந்த ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், அதாவது வேர் இருக்கிற இடத்துக்கு. ஓட்டைமேல் ஒரு துண்டு கொசுவலை போதும், மேலே கலவையே நிறையட்டும்.

என் கலவை, பெயின்ட் டப்பா அளவில்: ஊறவைத்த கோகோபீட் (தென்னைநார்த் தூள்) இரண்டு, செம்மண் ஒன்று, சலித்த எம்சாண்டில் சல்லடையில் தங்குகிற குருணை ஒன்று, உமிக்கரி அரை, மண்புழு உரம் அரை. கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. உமிக்கரியைக் கூட்டாதீர்கள், மண்ணில் காரம் ஏறும். பாமுக்கு லேசான புளிப்புதான் பிடிக்கும்.

கோகோபீட்டை மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். தென்னைநாரில் உப்பு இருக்கும். ஐந்து கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டருக்குப் பக்கமாக உப்பும். ஒற்றைத் தொட்டிக்கு அது வேண்டாம், 650 கிராம் கட்டி போதும்.

கலந்ததும் ஒரு காலித் தொட்டியில் நிரப்பி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் கீழே வர ஆரம்பிக்க வேண்டும். மேலேயே நின்றால் இன்னும் குருணை சேருங்கள். ரெடி கலவையையும் இதே மாதிரி சோதித்துப் பார்க்கலாம். நான் வாங்கின ஒரு பையில் பாதிக்குமேல் வெறும் தூள்.

வேரில் ஒட்டின கரிசலை உதறாதீர்கள். வாளித் தண்ணீரில் ஊறவிட்டால் தானே கரையும். தண்டு முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். பெரிய தொட்டியும் வேண்டாம். பாமுக்கு நெருக்கம் பிடிக்கும், வெறும் மண் கூடினால் ஈரம் காயாது. குருத்து விடுகிறவரை உரமும் போடக்கூடாது.

நுனி கருகுவதற்கு மண்ணை மட்டும் பழி சொல்ல முடியாது. தண்ணீரில் உப்பு இருந்தாலும் கருகும். ஊற்றுவது போர் தண்ணீரா?

தேரிக்காட்டான்:

அண்ணாச்சி, நான் திசையன்விளை. இங்கே செம்மணல் மேடுகளைத் தேரி என்போம். தேரி மணலில் தண்ணீர் நிற்கவே நிற்காது, வாசலில் இறங்கினால் மணல். எதற்கு எம்சாண்டைக் காசு கொடுத்து வாங்கிச் சலிக்க வேண்டும் என்று கோகோபீட்டோடு பாதிக்குப் பாதி தேரி மணல் கலந்தேன். இரண்டு மாதத்தில் செங்கல் மாதிரி கெட்டியாகிவிட்டது. ஏன்?

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

தேரி மணல் மாவு மாதிரி சன்னம் தம்பி. அந்த நைஸ் மணல் கோகோபீட்டின் சந்தில் எல்லாம் இறங்கி அடைத்துவிட்டது. வெளியே மேடுமேடாகக் கிடக்கும்போது கீழே அத்தனை ஆழம் இருக்கிறது, தண்ணீர் இறங்கிப் போய்விடும். நம் தொட்டிக்கு ஓர் அடி ஆழம்தானே. எம்சாண்டிலும் சலித்து விழுகிற தூளை நான் ஒதுக்கிவிடுவேன்.

பெருமாள்புரம் மாடிவீடு:

இன்றைக்குப் பிரித்தேன். வாடை குடலைப் புரட்டியது. பாதி வேர் நீங்கள் சொன்ன மாதிரியே உருவிக்கொண்டு வந்தது, நடுவில் மட்டும் ஒரு கொத்து விறைப்பாக இருக்கிறது. ஸ்பாஞ்சையும் திருப்பிப் பார்த்தேன். அம்மா என்னைப் பைத்தியம் என்றாள், பிறகு அவளும் ஒரு தடவை திருப்பினாள்.

தண்ணீர் போர்தான் அண்ணாச்சி, கெட்டிலில் வெள்ளைவெள்ளையாகப் படிகிறது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் ஒன்றுவிட்ட நாள் வரும். இனி அதில் ஒரு குடம் செடிக்கு. கருகின நுனியை வெட்டலாமா?

உமிக்கரிக்கு மேலப்பாளையம் ரோட்டில் ஓர் அரிசி ஆலையில் கேட்டோம், ஒரு சாக்கே கொடுத்துவிட்டார்கள். ஆச்சி சாக்கைப் பிடித்துக்கொண்டாள். பல் விளக்க இதைத் தேடித்தேடிக் கிடைக்கவில்லையாம், மண்ணில் கொட்டவிட மாட்டாளாம்.

கொக்கிரகுளம் அண்ணாச்சி:

நடுக்கொத்து இருக்கிறதல்லவா, பிழைத்துக்கொள்ளும். நுனியை வெட்டலாம், ஆனால் ஒரு நூல் அளவு கருகலை விட்டே வெட்டுங்கள். பச்சையில் கத்தரி பட்டால் மறுபடி கருகும். மஞ்சள் மட்டை முழுசாகக் காயட்டும், அப்புறம் எடுக்கலாம். குருத்தை மட்டும் தொடவே கூடாது. அந்தத் தண்டுக்கு வேறு கொழுந்து கிடையாது.

ஆச்சியோடு சண்டை வேண்டாம். உமிக்கரியைச் சலியுங்கள். மேலே நிற்கிற உமி தொட்டிக்கு. கீழே விழுகிற தூள் எனக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது, ஆச்சி பல்லுக்கு அதுதான் வேண்டும்.