மெல்லிய தாளில் சந்தித்த மொழிபெயர்ப்பாளர்

ருஷ்ய இலக்கியத்தை டச்சில் மொழிபெயர்த்த எழுத்தாளர் காரெல் வான் ஹெட் ரேவ 1999இல் மறைந்துவிட்டதால் அவரை நேரில் காணும் பேறு எனக்குக் கிட்டவில்லை. இரண்டு முறையும் தாளில்தான் சந்தித்தேன்.

முதல் முறை, ஆம்ஸ்டர்டாமில் அவுடமன்ஹவுஸ்போர்ட் நடைகூடத்தின் பழைய புத்தகக் கடை ஒன்றில். வான் ஓர்ஸ்கோட் பதிப்பகம் 1953 முதல் கொண்டுவரும் ருஷ்ய நூலக வரிசையில் அவர் டச்சில் தந்த துர்கேனிவ் அங்கே இருந்தது. பைபிள் தாள் போன்ற மெல்லிய தாள். டச்சு மொழியை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் நின்ற இடத்திலேயே நான்கு பக்கங்கள் படித்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைப் போன்ற நடை. தஸ்தயேவ்ஸ்கியை அவர் குறைத்து மதிப்பிட்டதில் எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. அந்த நடைக்காக அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். 1921இல் ஆம்ஸ்டர்டாமில் கம்யூனிஸ்டுக் குடும்பமொன்றில் பிறந்து, பின்னர் அந்த நம்பிக்கையிலிருந்து விலகியவர். 1957 முதல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய இலக்கியப் பேராசிரியர். 1967–68இல் ஹெட் பரோல் நாளிதழின் நிருபராக மாஸ்கோவில் இருந்தபோது, சோவியத் அணு இயற்பியலாளர் சகாரவ் சிந்தனைச் சுதந்திரம் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர் ஆந்திரேய் அமால்ரிக் வழியாக அவர் கைக்கு வந்தது. 1968 ஜூலை 6 அன்று அது ஹெட் பரோலில் வெளியாகத் தொடங்கியது. வெளியுலகம் அதை முதலில் படித்தது டச்சு மொழியில்தான். மறு ஆண்டே பெசமர், ரெடவே ஆகிய இரு அறிஞர்களுடன் சேர்ந்து, சோவியத் நாட்டில் அச்சேற முடியாத எழுத்துகளைப் பதிப்பிக்க ஹெர்சன் அறக்கட்டளையை நிறுவினார். சோவியத் நாடு அப்போது உலகப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராததால், வெளியே கசிந்த கையெழுத்துப்படியை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற நிலை இருந்தது. ருஷ்ய மூலத்தையே ஆம்ஸ்டர்டாமில் முதலில் பதிப்பித்தால் எழுதியவரின் உரிமை காப்பாற்றப்படும். சிறைக்கு அஞ்சாமல் எழுதியவர்களுக்காக அவர் இவ்வளவு நுணுக்கமாக யோசித்ததை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது.

இரண்டாவது சந்திப்பு, அந்த அறக்கட்டளையின் கோப்புகள் உள்ள ஆம்ஸ்டர்டாம் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனத்தின் படிப்பறையில். சோவியத் தணிக்கைக்குத் தப்பி ரகசியமாகக் கைமாறிய தட்டச்சுப் பிரதி ஒன்றை மேசைமேல் வைத்தார்கள். ஒரே தட்டலில் பல படிகள் எடுப்பதற்காக, வெங்காயத் தோல் போன்ற தாள்களுக்கிடையே கார்பன் வைத்து அடித்தது. எனக்கு வாய்த்தது கடைசிப் படிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துகள் நீலப் புகையாகக் கலங்கியிருந்தன. முற்றுப்புள்ளி விழுந்த இடங்களில் மட்டும் தாள் துளைபட்டிருந்தது. விளக்கருகே பிடித்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தேன். அறையை மூடும் நேரம்வரை என்னால் மூன்று பக்கங்களைத்தான் கடக்க முடிந்தது.