புதுப்பிப்பு: கம்பில் தண்ணீர் வீணாவதை நிறுத்தியாச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்: ராயபுரத்தில் மூன்று மாடிக் கட்டடத்தின் கண்ணாடிகளைத் தண்ணீர்க் கம்பால் (நுனியில் பிரஷ்ஷும், அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் டியூபும் உள்ள நீளக் கம்பு) கழுவும்போது, ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததுக்கு நகரும் நேரமெல்லாம் பிரஷ்ஷிலிருந்து ஆர்ஓ தண்ணீர் சும்மா கொட்டுகிறதே, எப்படி நிறுத்துவது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கம்பின் அடியில் கைக்கு எட்டுகிற இடத்தில் டியூபை வெட்டி ஒரு சின்ன பால் வால்வு (ball valve, தண்ணீரை அடைக்கும் திருகு) போட்டேன். கால்வாசிச் சுற்று திருப்பினால் போதும், நின்றுவிடுகிறது. ஆனால் முதல் நாள் வால்வை மூடியும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து, அழுத்தம் ஏறி, டியூப் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு என் சட்டையெல்லாம் நனைந்தது. பம்பின் பிரஷர் சுவிட்ச் போயிருந்தது. அதை மாற்றியதும் மூடினால் பம்ப் தானே நிற்கிறது, திறந்தால் ஓடுகிறது. இணைப்புக்குக் கிளிப் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம் தண்ணீர் வரும் வேகம். தேய்க்கும்போது பம்பின் வேகத்தை மாற்றும் கண்ட்ரோலரைக் குறைத்து வைக்கலாம், கடைசி அலசலுக்குக் கூட்டியே ஆக வேண்டும். கடல் பக்கம் பார்த்த கண்ணாடியில் உப்பு அப்பிக் கிடக்கும், அங்கே தண்ணீரை மிச்சம் பிடித்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு வரும். 25 லிட்டர் கேன் இப்போது ஒரு மாடி முழுக்க வருகிறது, முன்பு பாதியிலேயே தீர்ந்துவிடும்.