3 மணி நேர வெயிலில் அல்லி பூக்குமா?

பெரம்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் 4 அடிக்கு 3 அடி சிமெண்ட் தொட்டி இருக்கிறது, ஒன்றரை அடி ஆழம். போன ஆடியில் இளஞ்சிவப்பு அல்லி வைத்தேன். இலை நிறைய விடுகிறது, பூ மட்டும் இல்லை. காம்புகள் மெலிந்து நீண்டுகொண்டே போகின்றன. பங்குனியில் ஒரே ஒரு மொட்டு, சுண்டைக்காய் அளவு. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். தண்ணீருக்கு மேலே வராமலே கறுத்து அழுகிவிட்டது.

கிழக்கே பக்கத்து வீட்டு மாடி, மேற்கே வேப்பமரம். வெயில் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான். அல்லிக்கு 5, 6 மணி நேரமாவது வேண்டும் என்று தெரியும். ஆனால் அம்மா வைத்த மரம், வெட்ட மனசு வரவில்லை. தாழ்ந்த கிளைகளை மட்டும் கழித்தேன்.

தென்னை நார்க் கலவையை எடுத்துவிட்டுக் களிமண் போட்டேன். மாதம் ஒரு முறை எலும்புத்தூளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வேருக்குப் பக்கத்தில் அழுத்துகிறேன். அப்புறம் தொட்டிக்குள் செங்கல் வைத்து அல்லிச் சட்டியை உயர்த்தினேன். போர் தண்ணீர் உப்பு, அதனால் மெட்ரோ தண்ணீர்தான் விடுகிறேன். கொசுவுக்குக் கப்பி மீன் இருக்கிறது.

டாபென் என்ற அல்லி வகை கொஞ்சம் நிழல் தாங்கும் என்கிறார்கள். இதே அளவு வெயிலில் யார் வீட்டிலாவது அது பூத்திருக்கிறதா?