கராஜ் முற்றம் நிறைய வண்டி, கையில் காசு மட்டும் இல்லை

உப்புவெளி கராஜ்:
அண்ணன்மார், திருகோணமலையில் வண்டித் தகடு நிமிர்த்தும் டின்கரிங், பெயின்டிங் கராஜ் வைத்திருக்கிறேன். டின்கர் பாஸ் (தகட்டு வேலை தெரிந்த தொழிலாளி) இரண்டு பேர், பெயின்டர் ஒருவர், உதவிக்கு ஒரு பெடியன். வேலைக்குக் குறைவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து சனம் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓடப் பழகிவிட்டது, 2025இல் திரும்பத் திறந்தாலும் புது வண்டி விலைக்குக் கிட்டப் போக முடியவில்லையே. இப்போது முற்றத்தில் ஒன்பது வண்டி நிற்கிறது. ஆனால் சம்பளம், கரண்ட் பில், பெயின்ட் கடைக் கடன் எல்லாம் கொடுத்த பிறகு எனக்கு மிஞ்சுவது சொல்லும்படி இல்லை. இன்னொரு டின்கர் பாஸைப் போடவா, கடன் எடுத்துத் தூசி படாமல் பெயின்ட் அடிக்கும் அறை, அதுதான் பெயின்ட் பூத், ஒன்று கட்டவா?

பழைய பாஸ்:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் முற்றத்துக்குப் போய் ஒவ்வொரு வண்டியும் எதற்காக நிற்கிறது என்று பாருங்கள், பாதி சாமானுக்காகத்தான் நிற்கும். இடிபட்ட வண்டி வந்தால் வெளியில் பார்த்து மட்கார்ட், பம்பர், ஹெட்லைட் என்று எழுதிவிடுகிறோம், கழற்றின பிறகுதான் உள்ளே ரேடியேட்டர் சப்போர்ட் வளைந்தது தெரிகிறது. திரும்பக் கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைக்குப் போன் அடித்து, கடைக்காரன் தேடி லொறியில் போட்டு, அது வந்து சேரும்வரை வண்டி கழற்றினபடி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், பாஸ் அடுத்த வண்டியில் கை வைத்துவிடுவார். அதனால் முதல் நாளே முழுக்கக் கழற்றிப் படம் எடுத்து ஒரே லிஸ்ட் போடுங்கள், இன்சூரன்ஸ்காரருக்கும் அதே லிஸ்டைக் காட்டுங்கள். லைட், பிரேக் சரியாக இருந்து ஓடக்கூடிய வண்டி என்றால் பூட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாமான் முழுக்க வந்த பிறகு கூப்பிடுங்கள்.

கிண்ணியாப் பெயின்டர்:
பாஸ் சொன்னது சரி, ஆனால் திரும்பி வரும் வேலையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு கதவை இரண்டாம் தரம் அடித்தால் முதல் தரம் உழைத்ததும் சேர்ந்து போய்விடும். மாரி காலத்தில் கொம்பிரசர் டாங்கியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், காலையில் அதைத் திறந்துவிடாமல் அடித்தால் பெயின்ட் பிறகு கொப்புளிக்கும். பள்ளம் நிரப்பும் புட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பதும் அப்படித்தான், அது ஈரத்தைக் குடித்து வைத்திருந்து பிறகு காட்டும், காய்ந்தபடியே தேயுங்கள். கடற்கரையில் ஓடின வண்டியை முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், உப்பு அடியில் இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தும் துரு கிளம்பும். பூத்துக்கு முதல் ஒரு எச்விஎல்பி கன் (நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டுப் பெயின்ட் அடிக்கும் கன்) வாங்குங்கள் நானா, அதில் அடிக்கிற பெயின்டில் 65 வீதமாவது தகட்டில் பிடிக்கும், பழைய கன்னில் பாதிக்கு மேல் காற்றோடு போகிறது. கொம்பிரசர் அவ்வளவு காற்றுக் கொடுக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக் கொப்பி:
விலை எப்படிச் சொல்கிறீர்கள்? மொத்தமாக ஒரு தொகையா? உதாரணத்துக்குச் சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் மாதம் 4 லட்சம் என்று வையுங்கள். மூன்று பேரும் ஆளுக்கு 200 மணித்தியாலம் கராஜில் இருந்தாலும் வண்டிக்குக் காசு வாங்கக்கூடிய நேரம் 400தான் என்றால், மணித்தியாலத்துக்கு 1,000 ரூபாய் வாங்கினால்தான் கை நட்டம் இல்லை, இலாபம் அதற்கு மேலே. பெயின்ட், தின்னர், சாண்ட்பேப்பர், மாஸ்கிங் டேப் எல்லாம் தனி பில். தெரிந்த ஆள் என்று அதைக் கூலிக்குள் அடக்கிவிடுவதில்தான் நம்மூரில் பலருக்குக் காசு போகிறது.

உப்புவெளி கராஜ்:
சரி, போய் எண்ணினேன். ஐந்து வண்டி சாமானுக்கு, ஒன்று சொந்தக்காரரின் காசுக்கு, ஒன்று இரண்டாம் தரப் பெயின்டுக்கு. உண்மையில் வேலை நடப்பது இரண்டில்தான். பழைய பாஸ் அண்ணே, முழுக்கக் கழற்றின பிறகு வண்டிக்காரர் வேறு கராஜுக்குக் கொண்டுபோனால் அந்தக் கூலி?

பழைய பாஸ்:
கழற்றுக் கூலியை முதலே வாங்குங்கள், வேலை உங்களிடம் நடந்தால் பில்லில் கழித்துவிடுவேன் என்று எழுதிக் கொடுங்கள். அதைக் கேட்டே போகிறவர் பில்லுக்கும் இழுத்தடிப்பார்.